வாப்பா இருக்கும்போதே பேச வேண்டிய கணக்கு

குடும்ப வேளாண்மையில் சேர்ந்து உழைப்பதும், அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதும்



கிழக்கு மாகாணத்தில் விதை நெல்லும் உரமும் விற்கும் ஒரு வியாபாரியின் கடன் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், ஊரில் பாதிக் குடும்பங்களின் வரலாறு அதில் இருக்கும். பல வருடங்களாக ஒரே பெயரில் இருந்த கணக்கு திடீரென்று மூன்று பெயர்களாகப் பிரியும். மூத்த மகன் ஒரு பக்கம், இளைய மகன் ஒரு பக்கம், மருமகன் இன்னொரு பக்கம். எப்போது பிரிந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் வாப்பா மௌத்தான போகத்துக்கு அடுத்த போகமாகவே இருக்கும்.

நல்ல காணி, வாய்க்கால் தண்ணீர், உழைக்கக் கூடிய பிள்ளைகள் எல்லாம் இருந்தும் அந்தக் குடும்பங்கள் பிரிந்தன. வெள்ளமும் வறட்சியும் பிரிக்காத குடும்பங்களைப் பேசாமல் விட்ட கணக்கு பிரித்துவிட்டது.

இந்தப் பாடத்தை நான் பிறர் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. எனது வீட்டிலேயே கற்றேன். ஆகவே கொஞ்சம் வெட்கத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

22 போகம்

எனது வாப்பா 2006ஆம் ஆண்டு மௌத்தானார். அவர் விட்டுச் சென்றது 24 ஏக்கர் வயல், ஓர் உழவு இயந்திரம், சந்தையடியில் ஒரு சிறிய உரக்கடை. வாரிசுகளாக உம்மா, ஆண் மக்கள் 2 பேர், பெண் மக்கள் 3 பேர். தம்பி அப்போது கட்டாரில் தொழில் செய்தார். வயலையும் கடையையும் நானே பார்த்தேன்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் சகோதரிகளின் வீடுகளுக்கு இரண்டிரண்டு மூடை புது அரிசி அனுப்புவேன். பெருநாளைக்கு உடுப்பு வாங்கிக் கொடுப்பேன். உம்மா என்னோடுதான் இருந்தார். தம்பி ஊருக்கு வந்தால் கைச்செலவுக்குக் கொடுப்பேன். குடும்பத்தை நன்றாகப் பார்க்கிறேன் என்று ஊரும் சொன்னது, நானும் நம்பினேன்.

சகோதரிகள் மூவருக்கும் திருமணத்தின்போது வாப்பா வீடு கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் பகுதி வழக்கம் அது. "அவர்களுக்கு வீடு, எங்களுக்கு வயல்" என்று நானாகவே மனதுக்குள் ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருந்தேன். நான் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் என்னிடமும் கேட்கவில்லை.

2017ஆம் ஆண்டு ராத்தாவின் கணவருக்கு இருதயத்தில் சத்திர சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு ராத்தா கடைக்கு வந்தார். ஆட்கள் போகும் வரை ஓரமாக நின்றார். பிறகு, "தம்பி, ஒன்றரை லட்சம் கடனாத் தர ஏலுமா? கொஞ்சம் கொஞ்சமாத் தந்து முடிச்சிருவன்" என்றார்.

உடனே கொடுத்தேன். "எழுதிக்க தம்பி, மறந்திருவாய்" என்றார். கடன் கொப்பியை எடுத்து அவருடைய பெயரை எழுதினேன்.

அன்றிரவு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் குத்தியது. வாப்பாவின் 24 ஏக்கரில் ராத்தாவின் பங்கு 3 ஏக்கர். வருடத்துக்கு 2 போகம், 11 வருடம், மொத்தம் 22 போகம் அதை நான் செய்து அனுபவித்திருக்கிறேன். அவருடைய பணத்தை அவருக்கே கடனாகக் கொடுத்து, கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதன்பின் என்ன செய்தோம் என்பதை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், நான் செய்தது எங்கே பிழைத்தது என்பதைப் பார்ப்போம். எனது பிழை எனக்கு மட்டும் உரியதல்ல.

மூன்று கணக்குகள்

குடும்ப வியாபாரத்தில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. முதலாவது, சொத்து யாருடையது என்ற உரிமைக் கணக்கு. இரண்டாவது, யார் எவ்வளவு பாடுபட்டார் என்ற உழைப்புக் கணக்கு. மூன்றாவது, யார் முடிவெடுப்பது என்ற நிர்வாகக் கணக்கு.

வாப்பா உயிரோடு இருக்கும் காலத்தில் இம்மூன்றும் ஒருவரிடமே இருக்கும். காணியும் அவருடையது, பாடும் அவருடையது, பேச்சும் அவருடையது. ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை. அவர் போன மறுநாள் மூன்றும் மூன்று திசையில் போகின்றன. உரிமை ஆறு பேருக்கு, உழைப்பு ஒருவருக்கு, முடிவெடுப்பது யார் என்றே தெரியாது. அப்போது உழைப்பவர், "நான் பாடுபடுகிறேன், ஆகவே எனக்கு" என்கிறார். மற்றவர்கள், "எங்களுக்கும் பங்கு உண்டு, கணக்கைக் காட்டு" என்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். இரண்டு வேறு கணக்குகளை ஒரே கொப்பியில் எழுதுவதால்தான் சண்டை வருகிறது.

முதல் கணக்கு: உரிமை

ஒரு முஸ்லிம் மௌத்தானால் அவருடைய சொத்தில் முதலில் ஜனாஸாச் செலவு, அடுத்து கடன், அடுத்து மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், இவை போக மீதியே வாரிசுகளுக்கு. பங்குகளை சூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்திருக்கின்றன. எமது நாட்டில் இறுதி விருப்ப ஆவணம் இல்லாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் கட்டளைச் சட்டப்படி அவர் சார்ந்த மத்ஹபின் வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. ஆண் மக்கள் 2 பேருக்கு 4 பங்கு, பெண் மக்கள் 3 பேருக்கு 3 பங்கு, ஆக 7 பங்கு. 24 ஏக்கரில் உம்மாவுக்கு 3 ஏக்கர். மீதி 21 ஏக்கரில் ஆண் மக்களுக்கு ஆளுக்கு 6 ஏக்கர், பெண் மக்களுக்கு ஆளுக்கு 3 ஏக்கர். வாப்பாவின் பெற்றோர் உயிரோடு இருந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தமது கணக்கை ஓர் ஆலிமிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் மூன்று விடயங்கள் அடிக்கடி மறக்கப்படுகின்றன.

ஒன்று, சீதன வீடு. வாப்பா உயிரோடு இருக்கும்போது மகளுக்கு எழுதிக் கையளித்த வீடு அவர் கொடுத்த நன்கொடை. அது அவளுடைய அனந்தரப் பங்கைக் கழித்துவிடாது. "வீடு கொடுத்தாயிற்று, வயலில் பங்கில்லை" என்பது எமது வழக்கமாக இருக்கலாம், மார்க்கத்தின் தீர்ப்பு அதுவல்ல. சகோதரி தன் பங்கைப் பூரண சம்மதத்தோடு விட்டுக் கொடுக்கலாம். ஆனால் என்ன பங்கு, எத்தனை ஏக்கர், இன்று என்ன பெறுமதி என்று தெரியாதவர் எதை விட்டுக் கொடுக்க முடியும்? முதலில் பங்கைச் சொல்ல வேண்டும், பிறகு சம்மதத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டு, அடகு வைத்த நகை. பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபர் மாதத்தில் எத்தனை வீடுகளில் உம்மாவின் வளையலும் மருமகளின் மாலையும் அடகுக்குப் போகின்றன என்பது நமக்குத் தெரியும். விதை நெல்லும் உழவுக் கூலியும் அதிலிருந்துதான் வருகின்றன. மீட்காமலே போன நகைகள் எத்தனை? இரவலாக வாங்கிய நகை என்றால் அது கணவர் மனைவிக்குப் பட்ட கடன். பங்கு பிரிக்க முன் தீர்க்க வேண்டிய கடன்களின் வரிசையில் அதுவும் இருக்கிறது. ஆனால் எந்தக் கொப்பியிலும் அது எழுதப்படுவதில்லை.

மூன்று, பிரிக்காமல் விடுவதன் விலை. ராத்தாவின் 3 ஏக்கரையே பாருங்கள். நாளை அவர் மௌத்தாகி, கணவரும் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தால், கணவருக்கு நாலில் ஒன்று, அதாவது 3 ரூட். மகனுக்கு 1 ஏக்கர் 2 ரூட். மகளுக்கு 3 ரூட். ஒருவருடைய பங்கு ஒரே மரணத்தில் மூன்றாகிறது. இவ்வாறு இரண்டு தலைமுறை போனால் 24 ஏக்கருக்கு முப்பது பேர் உரிமையாளர். அதில் சிலர் வெளிநாட்டில், சிலர் சிறுவர்கள். ஒருவர் கையொப்பமிட மறுத்தாலும் விற்கவோ ஈடு வைக்கவோ சிரமம். கடைசியில் 1977ஆம் ஆண்டின் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டி வரும். பிரிவிடல் வழக்கு முடிவதற்குள் வழக்காளிகளே வயதாகிவிடுவார்கள்.

உறுதிக் காணியும் பெர்மிட் காணியும்

வயல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. அலுமாரியில் இருக்கும் காகிதம் எது என்பதை முதலில் பாருங்கள்.

தனியார் உறுதிக் காணி என்றால் மேலே சொன்ன பங்குக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் கல்லோயாத் திட்டம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் அரசாங்கம் வழங்கிய காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பெர்மிட் என்றும் அளிப்பு என்றும் சொல்வது இவற்றைத்தான். இவற்றை விரும்பியபடி துண்டாட முடியாது, அனுமதியின்றி விற்கவும் முடியாது. அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பின் யார் என்பதைப் பிரதேச செயலகம் மூலமாகப் பின்னுரித்தாளராக நியமித்துப் பதிவு செய்ய வேண்டும். அவர் மரணித்தால் வாழ்க்கைத் துணைக்கு முதலில் அனுபவிக்கும் உரிமை உண்டு. பின்னர் அது பின்னுரித்தாளருக்குப் போகும். நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். அந்த அட்டவணை நீண்ட காலமாக மகளைவிட மகனுக்கு முன்னுரிமை கொடுத்து வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது.

ஆகவே பெர்மிட் காணி உள்ள குடும்பத்தில் பேச்சு இன்னும் முந்தித் தொடங்க வேண்டும். காகிதத்தில் ஒருவர் பெயர்தான் வரும் என்றால், மற்றப் பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு ஈடு செய்வது என்பதை வாப்பாவே உயிரோடு இருக்கும்போது சொல்லி வைக்க வேண்டும். காகிதத்தில் பெயர் வந்தவர், "சட்டம் எனக்குத் தந்தது" என்று சொல்லத் தொடங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மௌத்தானவரின் பெயரிலேயே பல வருடம் கிடக்கும் பதிவுகள் உண்டு. உர மானியம் வரும்போதும் பயிர் அழிவுக்கு நட்டஈடு வரும்போதும்தான் அந்தத் தவறு தெரியவரும்.

இரண்டாவது கணக்கு: உழைப்பு

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். வயலில் நின்ற மகனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

படிப்பை ஓ.எல்லோடு நிறுத்திவிட்டு 15 வருடம் வாப்பாவோடு வயலில் நிற்கிறான் ஒரு மகன். இரவில் தண்ணீர் திருப்புகிறான், யானைக்குக் காவல் இருக்கிறான், அறுவடை இயந்திரத்துக்காக வெயிலில் காத்திருக்கிறான். மாதச் சம்பளம் என்று ஒன்றில்லை. சாப்பாடு, உடுப்பு, கைச்செலவு மட்டும். "எல்லாம் உனக்குத்தானே" என்று வாப்பா சொல்வார். அதே வயலின் வருமானத்தில் படித்த மற்ற மகன் கொழும்பில் நல்ல உத்தியோகத்தில் இருப்பான். வாப்பா மௌத்தானதும் இருவருக்கும் ஒரே பங்கு.

வயலில் நின்றவன் மனமுடைந்து போகிறான். ஆனால் பங்கில் பிழை இல்லை. அனந்தரம் உறவைப் பார்த்துத்தான் பிரிக்கப்படும். யார் அதிகம் பாடுபட்டார் என்று அது கேட்பதில்லை. பிழை அந்த 15 வருடத்தில் நடந்தது. உழைப்புக்குரிய கூலியை உழைத்த காலத்தில் கொடுக்காமல், அனந்தரத்தில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வாப்பா நினைத்தார். அனந்தரத்தில் அப்படிச் சேர்க்க முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி ஒரு வாரிசுக்கு வஸிய்யத்தும் செல்லாது.

இதற்கு வழி உண்டு, ஆனால் வாப்பா உயிரோடு இருக்கும் காலத்தில் மட்டும்தான்.

மகனுக்கு மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, கொடுத்ததைக் கொப்பியில் எழுதலாம். பணம் கையில் இல்லாத போகத்தில் கொடுக்க வேண்டிய கடனாக எழுதலாம்.

அல்லது பங்காளியாக்கலாம். காணி வாப்பாவுடையது, பாடு மகனுடையது, இலாபத்தில் இன்ன வீதம் என்று பேசி எழுதலாம். ஒன்றை நினைவில் வையுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு வியாபாரத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். இன்று ஆயிரம் ரூபாவுக்கு என்ன கடை நடத்த முடியும்? ஆக எல்லாப் பங்கு வியாபாரத்துக்கும் எழுத்து வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்லது நன்கொடையாக எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கிடையில் நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் அறியக் கொடுப்பதே நல்லது. நன்கொடை உறுதி மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால், 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படாது. இதை நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உழவு இயந்திரத்துக்கும் இதே கதைதான். லீசிங் மூத்த மகனின் பெயரில் இருக்கும், தவணை பொது வருமானத்தில் போகும். ஐந்து வருடம் கழித்து அது யாருடைய உழவு இயந்திரம்? வாங்கும் அன்றே இரண்டு வரி எழுதி வாப்பாவும் மகனும் கையொப்பமிட்டிருந்தால் கேள்வியே இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் விரிவாகச் சொல்கிறது. பிறத்தியாருடன் எழுதுகிறோம். சொந்தத்துக்குள் எழுதினால் சந்தேகப்படுவதாக நினைக்கிறோம்.

மூன்றாவது கணக்கு: நிர்வாகம்

பங்கு ஆறு பேருக்கு என்பதற்காக வயலும் ஆறாக உடைய வேண்டும் என்பதில்லை. 3 ஏக்கரைத் தனியாகச் செய்வதற்கும் 24 ஏக்கரைச் சேர்த்துச் செய்வதற்கும் உழவிலும் அறுவடையிலும் காவலிலும் செலவு வித்தியாசம் பெரிது. உரிமையைப் பிரித்து எழுதிவிட்டு, செய்கையைச் சேர்த்தே வைத்திருக்கலாம். அதற்கு இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது குத்தகை முறை. வயலில் நிற்பவர் மற்றவர்களின் பங்கை ஊர் விலைக்குக் குத்தகைக்கு எடுக்கிறார். இலாபமோ நட்டமோ அவருடையது. மற்றவர்களுக்கு நிர்ணயித்த குத்தகை. தூரத்தில் இருக்கும் சகோதரிகளுக்கும் விதவையான உம்மாவுக்கும் இதுவே நிம்மதி. குத்தகையைப் பணமாகப் பேசுவதா நெல்லாகப் பேசுவதா என்பதில் மார்க்க நிபந்தனைகள் உண்டு. உலமாக்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது கூட்டு முறை. எல்லோரும் பங்கின்படி செலவு போட்டு, பங்கின்படி எடுப்பது. இதில் நிர்வகிப்பவரின் சம்பளம் முதலில் வெளியே எடுக்கப்பட வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள். விதை, உழவு, உரம், கூலி, அறுவடை எல்லாம் போக ஒரு போகத்தில் 12 லட்சம் மீதி என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகச் சம்பளம் 2 லட்சம். அடுத்த போகத்துக்கும் இயந்திரத் திருத்தத்துக்கும் ஒதுக்கீடு 2 லட்சம். மீதி 8 லட்சம் எட்டுப் பங்கு. உம்மாவுக்கு 1, சகோதரிகள் மூவருக்கும் ஒவ்வொன்று, சகோதரர் இருவருக்கும் இரண்டிரண்டு. வயலில் நின்ற மகனுக்குச் சம்பளத்தோடு 4 லட்சம், கொழும்பில் இருப்பவருக்கு 2 லட்சம். இருவருக்கும் ஏன் வித்தியாசம் என்பது காகிதத்திலேயே தெரிகிறது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விளைச்சலுக்குரிய ஸகாத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் இதோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் நட்டத்துக்கு ஒரு வரி எழுதாமல் விடாதீர்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பர் மாதம் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. அந்தப் போகம் விளைச்சல் விழுந்ததை நாம் எல்லோரும் கண்டோம். நல்ல காலத்தில் வாய்ப் பேச்சில் ஓடிய பல கூட்டு வேளாண்மைகள் அந்த ஒரு போகத்தில் உடைந்தன. இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசியவர்கள் நட்டம் யாருக்கு என்று பேசியிருக்கவில்லை.

ஒரு வாரிசு விலகிக்கொள்ள விரும்பினால் அவருடைய பங்கை மற்றவர்கள் நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். விலையை இரு தரப்பும் சாராத ஒருவர் மதிப்பிட வேண்டும். தவணையில் கொடுப்பதானால் தவணையை எழுத வேண்டும். காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதினாலே செல்லும். குடும்பக் கொப்பியில் போட்ட கையொப்பம் காணிக்குப் போதாது.

சாவியைக் கொடுப்பது

காகிதம் எழுதினால் கையளித்தாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. வாப்பாவின் தலைக்குள் இருப்பது எந்த உறுதியிலும் இல்லை. எந்த வரவையில் தண்ணீர் தேங்கும், எந்த வரம்பு பக்கத்து வயல்காரரோடு தகராறு, எந்த ஆலைக்காரர் காசு சொன்ன நாளில் தருவார், யாருக்கு எவ்வளவு வாய்க்கடன் கொடுத்திருக்கிறார், முல்லைக்காரருக்குப் பேசியது என்ன என்பவை எல்லாம் அவரோடு போய்விடும்.

ஆகவே ஒரே நாளில் சாவியைத் தூக்கிக் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுங்கள். முதல் வருடம் செலவுக் கொப்பி மகனிடம். இரண்டாம் வருடம் ஒரு சிறுபோகம் முழுவதும் அவனுடைய முடிவு. பிழை விட்டாலும் வாப்பா வாய் திறக்கக் கூடாது. மூன்றாம் வருடம் நெல் விற்பனையும் வங்கி வேலையும். வட்டவிதானையிடமும் கமநல உத்தியோகத்தரிடமும் விவசாய அமைப்புக் கூட்டத்துக்கும் மகனையும் கூட்டிப் போங்கள். வங்கிக் கணக்கு வாப்பாவின் பெயரில் மட்டும் இருந்தால், அவர் மௌத்தான பின் வாரிசுகள் பணத்தை எடுக்கக் காகித வேலை நிறைய உண்டு. விதைப்புக் காலம் அதுவரை காத்திருக்காது.

மகன்தான் என்றும் நினைக்காதீர்கள். கணக்கில் கெட்டிக்காரியான மகள் வீட்டிலிருந்தே கொப்பியை நடத்தலாம். மருமகன் வயலில் கைதேர்ந்தவராக இருக்கலாம். வயலைச் செய்யும் விருப்பமும் திறமையும் யாரிடம் என்று பாருங்கள். மூத்தவன் என்பது ஒரு தகுதியல்ல.

குடும்பத்தின் ஆரம்பக் கூட்டம்

ஒவ்வொரு போகத்துக்கும் முன் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடி ஆரம்பக் கூட்டம் நடத்துகிறார்கள். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் அங்கே முடிவாகின்றன. ஊருக்கே கூட்டம் வைக்கும் நாம் வீட்டுக்கு வைப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தரம், அறுவடை முடிந்து கையில் பணமும் மனதில் அமைதியும் இருக்கும் நேரத்தில், குடும்பத்தில் எல்லோரையும் கூப்பிடுங்கள். மகள்மாரைக் குசினியில் விட்டுவிட்டு மகன்மாரோடு மட்டும் பேசுவது கூட்டமல்ல.

முதல் கூட்டத்துக்கு இந்தக் கேள்விகள் போதும்:

1. எமக்கு என்னென்ன காணி, எந்தெந்தக் காகிதம், யாருடைய பெயரில்?
2. யாருக்கு எவ்வளவு கடன்? அடகில் இருக்கும் நகை யாருடையது?
3. வயலிலும் கடையிலும் உழைப்பவருக்கு என்ன சம்பளம், அல்லது என்ன பங்கு?
4. இயந்திரமும் வாகனமும் யாருடைய பணத்தில் வாங்கியவை?
5. நட்டம் வந்தால் யார் எவ்வளவு?
6. வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனால் அடுத்த நாள் காலையில் முடிவெடுப்பது யார்?

முதல் நாளில் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. கிடைத்ததை எழுதுங்கள். கிடைக்காததையும், "இன்னும் பேசவில்லை" என்று எழுதுங்கள். பிள்ளைகள் இந்தப் பேச்சைத் தொடங்கினால், "வாப்பா எப்போது மௌத்தாவார் என்று பார்த்திருக்கிறார்கள்" என்ற பேச்சு வரும். ஆகவே வாப்பாமார்தான் தொடங்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய எனது வயதுக்காரர்களுக்கே இதைச் சொல்கிறேன்.

ராத்தாவின் பக்கம்

இனி எனது கதைக்கு வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை தம்பியோடு தொலைபேசியில் பேசிவிட்டு, ஊர் மௌலவி ஒருவரையும் அழைத்துக்கொண்டு உம்மா முன்னிலையில் எல்லோரும் அமர்ந்தோம். நான் செய்கைக் கணக்கு எழுதியிருக்கவில்லை. எனது கடைக் கொப்பிகளில் இருந்த நெல் விலையையும் மற்றவர்களின் குத்தகைக் கணக்கையும் பார்த்து, ஒவ்வொரு வருடத்துக்கும் ஊர்க் குத்தகை என்ன என்று எழுதினோம். ராத்தாவுக்கு மட்டும் வந்த தொகை அவர் கேட்ட கடனைவிட நாலு மடங்குக்கு மேல். மற்ற இரண்டு சகோதரிகள், தம்பி, உம்மா எல்லோருக்கும் அதே கணக்கு.

அவ்வளவு பணம் என்னிடம் இருக்கவில்லை. உம்மா தனது பங்கை எனக்கு விட்டுத் தந்தார். தம்பி பாதியை விட்டுத் தந்தார். சகோதரிகளிடம் விட்டுத் தரும்படி நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு பழைய லொறியை விற்றும் ஆறு போகத் தவணையிலும் கொடுத்து முடித்தேன். காணியை நில அளவையாளரை வைத்து அளந்து, பங்குகளை உறுதியாக எழுதினோம். இன்று சகோதரிகளின் 9 ஏக்கரையும் நானே குத்தகைக்குச் செய்கிறேன். போகம் முடிந்து ஒரு வாரத்துக்குள் பணம் போய்விடும். அரிசி மூடையும் போகிறது. இப்போதுதான் அது உண்மையில் அன்பளிப்பு.

கடன் கொப்பியில் ராத்தாவின் பெயர் இருந்த பக்கத்தில் குறுக்காகக் கோடு போட்டு, "இது கடனல்ல" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ராத்தா அதைப் பார்த்தார். "நீ தராமப் போயிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன் தம்பி" என்றார். அவர் கேட்டிருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். 11 வருடமும் நான் நிம்மதியாக இருந்தது அதனால்தான்.

வாசகர்களில் பலர் வயல்காரர்கள் அல்ல. புடைவைக் கடை, ஹார்ட்வெயார், ஹோட்டல் என்று நடத்துகிறீர்கள். ஏக்கர் என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் கடையை வைத்துப் பாருங்கள். மூன்று கணக்கும் அங்கேயும் இருக்கும். இன்றிரவு கடையைப் பூட்டியதும் ஒரு புதிய கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் சகோதரிகளின் பெயர்களை எழுதிப் பாருங்கள். அந்தப் பெயர்களுக்கு எதிரே என்ன எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். தெரியாவிட்டால், இன்ஷா அல்லாஹ், கூட்டத்தை இந்தப் போகமே வையுங்கள்.